ஒரு கிலோ பருப்பு

உதய்பூர் என்றால் ஏரியும் அரண்மனையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நகரத்தைத் தாண்டி ஆரவல்லி மலைப்பக்கம் போனால் அது வேறு ஊர். மேட்டுக்கு ஒன்றாக, சரிவுக்கு ஒன்றாக வீடுகள் சிதறிக் கிடக்கும். பிள்ளைக்கு ஊசி போட வேண்டுமானால் இடுப்பில் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையம்வரை நடக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில், அப்படி நடந்து போன தாய் கிட்டத்தட்டப் பாதி நாட்களில் பார்த்திருக்கக்கூடியது பூட்டிய கதவைத்தான். வாரந்தோறும் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பதிவுசெய்த ஆய்வாளர்கள், அங்கே பணியில் இருக்க வேண்டிய செவிலியர்கள் 45 சதவீத நேரம் இல்லை என்று கண்டார்கள். எந்தக் கிழமை திறந்திருக்கும், எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதிலும் ஒழுங்கு கிடையாது. செவ்வாய் போனால் இருப்பார், வியாழன் போனால் இருக்கமாட்டார் என்றாவது இருந்தால் ஒரு தாய் அதைக் கற்றுக்கொண்டுவிடுவாள். அதற்கும் வழியில்லை.

அதே தாயைப் பற்றி வெளியே இருந்த பேச்சு வேறு மாதிரி. படிக்காதவள், கண்ணேறு படும் என்று குழந்தையை வெளியே எடுத்துவர மாட்டாள், ஊசியென்றால் பயம். கண்ணேறு நம்பிக்கை அங்கே இருந்தது உண்மை. ஒரு வயது ஆகும்வரை குழந்தையை ஊர் கண்ணில் காட்டக் கூடாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் குழந்தைகளுக்கு ஊசி போடப்படாமல் இருந்ததற்கு அந்த நம்பிக்கைதான் காரணமா, அல்லது அந்தப் பூட்டா? உட்கார்ந்து விவாதித்துத் தீர்க்க முடியாத கேள்வி இது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோதித்தவர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர், துருவா கோத்தாரி. முதல் இருவருக்கும் 2019-ல் மைக்கேல் க்ரெமரோடு சேர்த்துப் பொருளாதார நோபல் கிடைத்தது. களத்தில் கூட நின்றது சேவா மந்திர் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனம். 134 ஊர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். 30 ஊர்களில் மாதம் ஒருநாள், குறித்த தேதியில், காலை 11 மணியிலிருந்து 2 மணிவரை ஊருக்குள்ளேயே தடுப்பூசி முகாம். செவிலியர் வந்தாரா என்பதற்குத் தேதியும் நேரமும் பதிந்த புகைப்படம் சாட்சி. இன்னும் 30 ஊர்களில் அதே முகாம். கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் ஒரு செட் சாப்பாட்டுத் தட்டு. மீதி 74 ஊர்களில் எதையும் மாற்றவில்லை.

ஒரு கிலோ பருப்பு அப்போது சுமார் 40 ரூபாய். அங்கே ஒருநாள் கூலியில் முக்கால் பங்கு.

முடிவு 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. எதுவும் மாறாத ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமும் பருப்பும் இருந்த ஊர்களில் 39.

இந்த மூன்று எண்களைச் சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு செய்திதான் முக்கியம். குறைந்தது ஒரு ஊசியாவது போட்டுக்கொண்ட குழந்தைகள் எத்தனை என்று பார்த்தால், பருப்பு கொடுத்த ஊரிலும் கொடுக்காத ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்கில் மூன்று பங்கு. எதுவும் மாறாத ஊர்களிலேயே பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு ஊசியாவது விழுந்திருந்தது. ஊசியை நம்பாத தாய் முதல் ஊசிக்கே வரமாட்டாள். இவர்கள் வந்தார்கள். குழந்தையின் தொடையை இறுக்கிப் பிடித்து, அழுகையைப் பார்த்து, இரவு காய்ச்சலுக்கு விழித்திருந்து, அதற்குப் பிறகும் பலர் இரண்டாம் முறை வந்தார்கள். எங்கோ மூன்றாவதில், நான்காவதில் நின்றுபோனார்கள். காசநோய்த் தடுப்பு ஒன்று, முத்தடுப்பு மூன்று, போலியோ சொட்டு மூன்று, கடைசியாக ஒன்பது மாதத்தில் தட்டம்மைக்கு ஒன்று. முடிக்க ஐந்து முறையாவது வர வேண்டும். பருப்பு வேலை செய்தது அந்தப் பாதையின் பின்பாதியில்தான்.

ஏன் பின்பாதி? ஊசிக்கான செலவு அத்தனையும் இன்றைக்கு. நடை, போன கூலி, அழுகை, காய்ச்சல். வரவோ கண்ணில் படாத ஒன்று. தட்டம்மை வராமல் போனதை யாரும் பார்ப்பதில்லை. நடக்காத ஒன்றுக்கு நாளும் கிடையாது, சாட்சியும் கிடையாது. கண்ணெதிரே இருப்பதை மனித மனம் பெரிதாக எடைபோடுகிறது, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக எடைபோடுகிறது. நடத்தைப் பொருளாதாரம் இதை நிகழ்காலச் சாய்வு என்கிறது. அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்று நினைக்கிற தாய் ஊசி வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. அடுத்த மாதமும் அதே கணக்கு அவள் முன் வந்து நிற்கும். யாருமே எடுக்காத ஒரு முடிவு இப்படித்தான் நடந்து முடிகிறது. ஒரு கிலோ பருப்பு அந்தத் தராசின் இன்றைய தட்டில் விழுகிறது. இன்றைய சுமைக்கு எதிராக இன்றைய பலன். அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

பருப்பு கொடுப்பது லஞ்சம் என்ற எதிர்ப்பு எழாமல் இல்லை. பிள்ளையின் நலனுக்காகத் தாய் செய்ய வேண்டியதற்கு ஏன் கூலி? எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை. லஞ்சம் என்பது ஒருவரை அவர் விருப்பத்துக்கோ கடமைக்கோ எதிராகத் திருப்புவது. முதல் ஊசிக்குத் தானாக நடந்து வந்தவளிடம் எதைத் திருப்ப வேண்டியிருக்கிறது? செலவுக் கணக்கும் இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட்டு முடிக்க ஆன செலவு, பருப்பில்லாத முகாமில் 56 டாலர். பருப்பு கொடுத்த முகாமில் 28. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் செவிலியருக்குச் சம்பளம் ஒன்றுதானே. பருப்பு வாங்கிய காசு, சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் திரும்பி வந்துவிட்டது.

கூலி வேலையும் மலைவழியும் இல்லாத இடத்திலும் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே இதே இடைவெளி இருக்கிறது என்பதை, உதய்பூர் முடிவு வெளிவருவதற்கு 45 ஆண்டு முன்பே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவென்தாலும் அவருடைய சகாக்களும் பார்த்துவிட்டார்கள். 1965-ல் வெளியான ஆய்வு. இறுதியாண்டு மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றி ஒரு சிறுநூலைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு மிதமான பதிப்பு, சிலருக்கு நோயாளிகளின் கொடூரமான படங்களோடு கூடிய பதிப்பு. பயந்தவர்கள் ஊசி அவசியம் என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஊசி இலவசம், வளாகத்திலேயே கிடைக்கும். போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம்.

இன்னொரு குழுவுக்கு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சுகாதார மையத்தை வட்டமிட்டுக் காட்டிய வளாக வரைபடம். உன் வகுப்பு அட்டவணையைப் பார், எந்த நேரத்தில் எந்த வழியாக அங்கே போவாய் என்று யோசி என்று ஒரு வேண்டுகோள். அந்தக் குழுவில் சுமார் 28 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்குச் சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். வரைபடம் அவர்களுக்குப் புதிய தகவல் எதையும் தரவில்லை. போகலாம் என்ற எண்ணத்தைப் புதன்கிழமை பதினோரு மணி வகுப்பு முடிந்ததும் நூலகத்தைத் தாண்டி இடப்பக்கம் என்று மாற்றியது, அவ்வளவுதான். தனியாக விட்டால் அந்த எண்ணத்துக்குக் கால் இல்லை. பயமுறுத்தலும் கால் தரவில்லை. நம் சுகாதாரச் சுவரொட்டிகளில் இன்றும் கொடூரப் படங்களுக்குத்தான் முதலிடம் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறுபது ஆண்டு பழைய செய்தி இது.

பிறகு வந்த ஆய்வுகள் இதே நூலைப் பிடித்துக்கொண்டு போயின. கேத்தரின் மில்க்மன் குழு ஒரு நிறுவன ஊழியர்களுக்கு அனுப்பிய ஃப்ளூ ஊசிக் கடிதத்தில், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று அவர்களே எழுதிக்கொள்ள ஒரு சிறு கட்டம் வைத்தது. அந்தக் கட்டத்துக்கு மட்டும் சுமார் 4 சதவீதப் புள்ளி கூடியது. கிரெட்சன் சாப்மன் குழு ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஊழியர்களில் பாதிப் பேருக்கு, வேண்டுமானால் நேரம் பதிவு செய்யுங்கள் என்று எழுதியது. மீதிப் பேருக்கு, இந்த நாளில் இந்த மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியாகிவிட்டது, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியது. முதல் பாதியில் 33 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள், இரண்டாம் பாதியில் 45. 2020-ல் வால்மார்ட் மருந்தகங்களின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு 22 விதமான குறுஞ்செய்திகளை அனுப்பிப் பார்த்தார்கள். நகைச்சுவை, பிறர் நலன் என்று எத்தனையோ விதம். எல்லாவற்றையும் முந்தியது, உங்களுக்கான ஊசி உங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற பொருளில் வந்த எளிய நினைவூட்டல். எது வெல்லும் என்று நடத்தை அறிவியல் வல்லுநர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அவர்களாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தான் சொல்வது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் களத்தில் போய்க் கேட்கிற பணிவுதான் இந்தத் துறையின் பலம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு எல்லையும் உண்டு. 2021 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில், கோவிட் ஊசி உங்களுக்காக வந்திருக்கிறது என்கிற வகைச் செய்தி நன்றாக வேலை செய்தது. அதே வகைச் செய்தியைச் சில மாதம் கழித்து, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அதுவரை போட்டுக்கொள்ளாதவர்களுக்கு அனுப்பியபோது ஒன்றும் அசையவில்லை. வர மனமிருந்து தள்ளிப்போட்டவர்கள் அதற்குள் வந்து முடித்துவிட்டார்கள். மிஞ்சி நின்றவர்களுக்கு இருந்தது வேறு தடை. அவர்களைப் பற்றிப் பேச 1736-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் ஃபிரான்சிஸ் பெரியம்மையில் இறந்தான். நான்கு வயது. ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் அறுபது ஆண்டு இருந்த காலம். அன்றிருந்த முறை அம்மைப் புண்ணின் சீழை உடம்பில் கீறிச் செலுத்துவது. அதிலும் சிலர் இறந்தார்கள். ஆனால் இயற்கையாக அம்மை கண்டு இறந்தவர்களைவிட மிகக் குறைவு. ஃபிராங்க்ளின் அந்த முறையை ஆதரித்தவர். மகனுக்கும் செய்ய நினைத்திருந்தார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தேறட்டும் என்று தள்ளிவைத்தார். அதற்குள் அம்மை முந்திக்கொண்டது. ஊரிலோ, அம்மை குத்தியதால்தான் பையன் செத்தான் என்று பேச்சு கிளம்பியது. மகனை அடக்கம் செய்த சில வாரங்களில், அப்படி இல்லை, அவனுக்கு அம்மை குத்தவே இல்லை என்று தன் பத்திரிகையிலேயே மறுப்பு எழுத வேண்டிய நிலை அந்தத் தகப்பனுக்கு. முதுமையில் தன் வரலாற்றை எழுதும்போதும் அந்தத் துயரத்தை எழுதினார். தாங்கள் செய்த காரியத்தால் பிள்ளை போய்விட்டால் தாங்க முடியாது என்று அஞ்சும் பெற்றோர், செய்யாமல் விட்டதால் போனாலும் வலி அதேதான் என்பதைத் தன்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே எழுதினார்.

1990-ல் இலானா ரிடோவும் ஜோனதன் பேரனும் இந்த அச்சத்தைச் சோதனையில் பிடித்தார்கள். ஒரு நோய் பத்தாயிரம் குழந்தைகளில் பத்துப் பேரைக் கொல்கிறது. அதைத் தடுக்கும் ஊசியும் சிலரைக் கொல்லக்கூடும். எத்தனை பேர்வரை என்றால் உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்கள்? கணக்குப்படி ஒன்பது என்றாலும் போட வேண்டும். பலர் அதைவிட எவ்வளவோ குறைவான எண்ணிலேயே வேண்டாம் என்றார்கள். நோய் கொன்றால் அது விதி. ஊசி கொன்றால் அது என் கை. செய்யாமையின் பக்கம் மனம் சாய்வதற்குக் கணக்குப் பிழை மட்டும் காரணமில்லை. அன்பும் குற்றவுணர்வும் சேர்ந்த ஒன்று அது. அதை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

அதோடு கூடச் சேர்வது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தமிழ் வாசகர்களுக்கு அதை விளக்க ஒரு தேதி போதும். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு ஊக்கம் தர வேண்டும் என்பதற்காகவே, சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் கோவிட் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று தேசிய அளவிலான நிபுணர் குழு அக்டோபரில் அறிவித்தது. ஏப்ரலில் பரவிய பேச்சுக்கு அக்டோபரில் பதில். அந்த ஆறு மாதத்தில் எத்தனை வீடுகளில் அந்த இரண்டு நாளை விரல்விட்டு எண்ணியிருப்பார்கள்!

சந்தேகத்துக்கு உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். பிரெண்டன் நைஹானும் சகாக்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 1,759 அமெரிக்கப் பெற்றோரிடம் இதைப் பார்த்தார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியால் ஆட்டிசம் வராது என்ற விளக்கத்தைப் படித்தவர்களில் அந்தத் தவறான நம்பிக்கை குறைந்தது. ஆனால் முன்பே தயங்கியவர்களிடம் ஊசி போடும் எண்ணமும் கூடவே குறைந்தது. அந்த எதிர்விளைவு எல்லா இடத்திலும் வருவதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும், ஒரு வாதத்தில் தோற்கிற மனம் அடுத்த வாதத்தைத் தேடிக்கொள்ளும் என்பது வீட்டில் பெரியவர்களோடு இதைப் பேசிப் பார்த்த யாருக்கும் தெரியும். என்ன சொல்லப்படுகிறது என்பதைவிட யார் சொல்கிறார் என்பது இங்கே கனம் கூடியது.

யார் சொல்ல வேண்டும்? ஹரியானாவில் 500-க்கும் மேற்பட்ட ஊர்களில் பானர்ஜி, டுஃப்லோ, அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் நால்வரும் இதற்கு விடை தேடிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்க்காரர்களிடம் தடுப்பூசி பற்றியே பேச்செடுக்காமல், ஒரு திருவிழாவோ நாடகமோ நடக்கிறது, எல்லோருக்கும் சேதி போக வேண்டும், யாரிடம் சொன்னால் போய்ச் சேரும் என்று கேட்டார்கள். ஊரார் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயருக்குரியவர்களிடம் மாதந்தோறும் தடுப்பூசி முகாம் சேதியைக் கொடுத்தார்கள். வேறு ஊர்களில் குலுக்கலில் வந்த யாரோ சிலரிடம் கொடுத்தார்கள். ஊரார் சொன்னவர்களிடம் சேதி போன ஊர்களில் மாதந்தோறும் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் 22 சதவீதம் அதிகம். ஊரில் மதிப்பு மிக்கவர் என்று பெயரெடுத்தவரைப் பிடித்தாலும் இந்த அளவுக்குப் பலன் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சலித்துக்கொள்வோமே, அந்த வாயிடமே வேலையைக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாலு பேர் நடுவில் நின்று பேசுகிற பெண், எந்தச் சுகாதார அலுவலரும் போகமுடியாத சமையலறைவரை போவாள். வதந்தி போகும் அதே வழியில் முகாமின் தேதியும் போனது.

இத்தனையும் சொன்ன பிறகு உதய்பூருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. செவிலியர்கள் ஒழுங்காக வருவதற்கும் அங்கே ஒரு முயற்சி நடந்தது. வருகை நேரம் பதியும் இயந்திரம் வைத்து, வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பது என்று ஏற்பாடு. முதல் சில மாதம் வருகை ஏறியது. பிறகு மாவட்ட நிர்வாகம் விலக்கு அளிக்கப்பட்ட நாட்கள் என்று ஒன்றைத் தாராளமாகக் கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதத்தில் கண்காணிப்பு இருந்த நிலையமும் இல்லாத நிலையமும் ஒன்றாகிவிட்டன. பதிவேட்டில் வராதவர் குறைந்தார், விலக்குப் பெற்றவர் கூடினார். கதவு மட்டும் பழையபடி மூடியே இருந்தது. தாயின் நடத்தையை மாற்ற ஒரு கிலோ பருப்பு போதுமாக இருந்தது. அலுவலகத்தின் நடத்தைக்கு அவ்வளவு எளிய மருந்து அகப்படவில்லை. நடத்தை அறிவியல் தாய்தந்தையின் மனத்தை ஆராய்ந்ததில் பத்தில் ஒரு பங்காவது அந்தப் பக்கத்தையும் ஆராய வேண்டும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பூட்டிய கதவு கற்பனைக்குச் சட்டென்று வராது. இங்கே புதன்கிழமை என்றால் ஊசிநாள். எந்தத் தாயைக் கேட்டாலும் கிழமையைச் சொல்வாள். இந்த அத்தியாயத்துக்காக ஒரு புதன்கிழமை காலை, ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீல நிற ஐஸ் பெட்டி, பஞ்சு, அழுகைகள், கையில் சுருட்டிய அட்டைகள். ஐம்பது வயதிருக்கும் செவிலியர் ஒருவர். ஊசி போட்டு முடித்துக் குழந்தையைத் தாயின் தோளில் சாய்த்துவிட்டு, அட்டையில் அடுத்த தேதியை எழுதி அதன்மேல் வட்டம் போட்டார். அட்டையை உடனே கொடுக்கவில்லை.

"அன்னிக்கு யாரு கூட வருவே கண்ணு?"

"எங்க மாமியாரு வருவாங்க நர்சம்மா."

"போன தடவயும் அவங்கதான்னு சொன்னே. அவங்க நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க. எத்தன மணி பஸ்சு?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒம்பதே காலுக்கு ஒண்ணு இருக்கு. அம்மா வூட்டுக்குப் போன் பண்ணி தங்கச்சிய வரச் சொல்லிடறேன்."

செவிலியர் தேதிக்குக் கீழே 9.15 என்று எழுதி, அட்டையை அவள் கையில் கொடுத்தார்.